நொடியில் ஏறும் சூடு, நிமிடத்தில் ஏறும் சூடு: கூலரும் ஓவர்க்ளாக்கும் படுத்தும்போது

"பிராசசர் 95 டிகிரி காட்டுகிறது, எந்தக் கூலர் வாங்கலாம்?" கம்ப்யூட்டர் சூடானால் எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த 95-க்குப் போக எவ்வளவு நேரம் ஆனது? இரண்டு நொடியா, பன்னிரண்டு நிமிடமா?

எண் ஒன்றுதான், நோய் வேறு. இரண்டு நொடியில் போனால் பிராசசர் சிப்புக்கும் அதைக் குளிர்விக்கும் கூலரின் அடித்தட்டுக்கும் நடுவில் ஏதோ கோளாறு. பன்னிரண்டு நிமிடத்தில் போனால் கூலர் சூட்டை ஒழுங்காக எடுத்துவிட்டது, வெளியே தள்ள வழியில்லாமல் திணறுகிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் புதுக் கூலர் வாங்கிவிட்டு, அதிலும் அதே 95-ஐப் பார்த்து நொந்தவர்கள் நிறையப் பேர்.

## பிரித்துப் போடும் முன்

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து சென்சார் பட்டியலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ்காரர்களுக்கு எல்எம்-சென்சார்ஸ். பார்க்க வேண்டியவை: பேக்கேஜ் சூடு (முழு சிப்பின் வெப்பநிலை), பேக்கேஜ் பவர் (முழு சிப் இழுக்கும் மின்சாரம்) எத்தனை வாட், எஃபெக்டிவ் க்ளாக் (சிப் உண்மையில் ஓடும் வேகம்), ஃபேனும் பம்பும் எத்தனை சுற்று. கூடவே அறையின் வெப்பநிலையையும் குறித்து வையுங்கள். அறை 10 டிகிரி ஏறினால் பிராசசரும் ஏறத்தாழ 10 டிகிரி ஏறும். இரவில் 78 இருந்தது, மதியம் 86 ஆகிவிட்டது என்று சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் பேஸ்டைச் சந்தேகிப்பதில் அர்த்தமில்லை.

லோடுக்கு, அதாவது சிப்புக்கு முழு வேலை கொடுக்க, படம் வரைந்து சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டினால் போதும். பிரைம்95 என்ற இன்னொரு மென்பொருளில் உள்ள ஸ்மால் எஃப்எஃப்டி சோதனை முரட்டுத்தனமானது. அன்றாட வேலை எதுவும் சிப்பை அப்படி வதைக்காது. கூலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க அது நல்ல கருவி, ஆனால் அதில் வரும் சூட்டை வைத்து தினசரிப் பயன்பாட்டுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

எவ்வளவு சூடுவரை போகலாம் என்ற எல்லை சிப்பைப் பொறுத்தது. இன்டெல் டெஸ்க்டாப் சிப்களில் பெரும்பாலானவற்றுக்கு 100 டிகிரி. ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸுக்கு 90, ரைசன் 7 7800எக்ஸ்3டிக்கு 89, ரைசன் 9 7950எக்ஸுக்கு 95. இந்தக் கடைசி சிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் மேல் எழுதியிருப்பது 170 வாட், சாக்கெட் (சிப் உட்காரும் இடம்) வழியாக இழுக்க அனுமதி 230 வாட். பவரும் மின்னோட்டமும் இடம் கொடுக்கும்வரை, 95-ஐத் தொடும்வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போவது அதன் பிறவிக் குணம். அதற்குப் பெரிய கூலர் போட்டாலும் முழு லோடில் அதே 95-ஐ ஒட்டித்தான் நிற்கக்கூடும், க்ளாக் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கும். இந்த வரிசைச் சிப் வைத்திருப்பவர்கள் சூட்டை விட்டுவிட்டு க்ளாக்கைப் பார்ப்பது நல்லது.

## லோடு கொடுத்த கையோடு 90-ஐத் தாண்டுகிறது

சினிபெஞ்ச் பொத்தானை அழுத்துகிறீர்கள். படத்தின் முதல் கட்டம் வரைந்து முடிவதற்குள் 45-லிருந்து 93. நிறுத்தினால் அதே வேகத்தில் கீழே விழுகிறது. கூலரின் துடுப்புகளைத் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்கின்றன. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் சூடு கூலருக்குப் போய்ச் சேரவே இல்லை என்று பொருள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ரைசனில் கோர்கள், அதாவது கணக்கிடும் மையங்கள், இருக்கும் துண்டு மிகச் சிறியது, ஸென் 4 தலைமுறையில் ஏறத்தாழ 70 சதுர மில்லிமீட்டர்தான். அவ்வளவு சின்ன இடத்தில் நூறு வாட்டுக்கு மேல் கிளம்பினால், எல்லாம் சரியாக இருந்தாலும் முதல் நொடியில் 20, 25 டிகிரி துள்ளத்தான் செய்யும். அதனால் வாட்டையும் சேர்த்துப் பாருங்கள். 200 வாட்டுக்கு மேல் இழுத்து 93 என்றால் யோசிக்கலாம். 80 வாட்டில் ஒரு நல்ல டவர் கூலரை (கோபுரம் போல் நிற்கும் காற்றுக் கூலர்) வைத்துக்கொண்டு 93 என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, கழற்றுங்கள்.

கழற்றுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. ரைசனின் பழைய ஏஎம்4 சாக்கெட்டில் சிப்பைப் பிடித்திருப்பது ஒரு சின்ன நெம்புகோல் மட்டும்தான். பேஸ்ட் காய்ந்திருந்தால் கூலரைத் தூக்கும்போது சிப்பும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூடவே வரும், கால்கள் வளையும். பத்து நிமிடம் லோடு கொடுத்து பேஸ்ட் இளகியதும் அணைத்துவிட்டு, மின்சாரத்தைத் துண்டித்து, திருகுகளைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி விட்டது கைக்குத் தெரிந்தபின் தூக்குங்கள். அதற்குப் பின் வந்த ஏஎம்5-இலும் இன்டெலிலும் உலோகச் சட்டம் சிப்பை அழுத்திப் பிடித்திருப்பதால் இந்தப் பயம் இல்லை.

தூக்கியதும் உடனே துடைத்துவிடாதீர்கள். பேஸ்ட் பதிந்திருக்கும் தடம்தான் இங்கே சாட்சி. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

நடுவில் மெல்லிய சாம்பல் படலம், ஓரத்தில் பிதுங்கிய வரம்பு இருந்தால் அழுத்தம் சரி. எங்கும் தடிமனாக, நீங்கள் வைத்த புள்ளி வைத்தபடியே இருந்தால் கூலர் இறங்கவே இல்லை. ஒரு பக்கம் மெலிந்து மறுபக்கம் தடித்திருந்தால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அடித்தட்டில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் படலமே இன்னும் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், பத்து கம்ப்யூட்டர் பூட்டியவர்களுக்கும் நடக்கிறது.

எனக்கு இரண்டு இரவைத் தின்ற ஒன்றைச் சொல்கிறேன். இரட்டை டவர் கூலர், புது பேஸ்ட், திருகுகள் இறுதிவரை இறுக்கியாயிற்று, ஆனாலும் 90 வாட்டில் 94 டிகிரி. மூன்று முறை கழற்றி மாட்டினேன். மூன்று முறையும் தடம் பிறை நிலா மாதிரி ஒரு பக்கம் மட்டுமே பதிந்தது. நான்காவது முறை பேஸ்டே போடாமல் கூலரைச் சும்மா வைத்து, மதர்போர்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடித்தட்டுக்கும் சிப்புக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம். கூலரின் பிடிமானச் சட்டத்தின் மூலை, சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மின்சுற்றின் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) மேல் அரை மில்லிமீட்டர் ஏறி நின்றது. கூலரை 90 டிகிரி திருப்பி மாட்டினேன். அதே லோடில் 71.

அந்த மயிரிழைக்கு ஏன் இவ்வளவு வீரியம்? உலோகத்துக்கு நடுவே நிற்கும் காற்று சூட்டைக் கடத்துவதில் சோம்பேறி. சாதாரண பேஸ்டே காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும், செம்பு அதையும்விட எத்தனையோ மடங்கு. அதனால் பேஸ்டின் வேலை இடுக்குகளில் இருக்கும் காற்றை விரட்டுவதோடு சரி. நடுவில் ஒரு பட்டாணி அளவு, அகலமான சிப் என்றால் எக்ஸ் வடிவத்தில் ஒரு கோடு. கொஞ்சம் கூடிப்போனால் ஓரத்தில் பிதுங்கும், பெரிய கேடில்லை. குறைந்துபோனால்தான் வம்பு. திருகுகளை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று சுற்று மட்டும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு மூலையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் பிறை நிலா உங்களுக்கும் கிடைக்கும்.

திரவ உலோகம் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் இருப்பது காலியம், அலுமினியத்தை அரித்துத் தூளாக்கிவிடும். மின்சாரத்தையும் கடத்தும் என்பதால் ஒரு துளி சிதறினாலும் போர்டு போச்சு. சாதாரண மேல்மூடி உள்ள சிப்புக்கு அது கொடுக்கும் சில டிகிரிக்காக இந்த வம்பை விலைகொடுத்து வாங்க வேண்டாம் என்பது என் கட்சி.

பழைய கூலரைப் புது மதர்போர்டுக்குக் கொண்டுவந்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இன்டெலின் முந்தைய எல்ஜிஏ1200 சாக்கெட்டில் திருகுத் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர். 2021-இல் வந்த எல்ஜிஏ1700-இல் அது 78, சிப்பின் மேல்மூடியும் முன்பைவிடத் தாழ்வு. பழைய சட்டத்தை எப்படியோ நெளித்து மாட்டிவிட்டால் துளையில் உட்காரும், சிப்பில் அழுத்தாது. அதற்கென்ற கிட் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பெட்டியோடு வந்த இன்டெல் கூலரில் வேறு கூத்து. நான்கு பிளாஸ்டிக் முளைகளில் மூன்று பூட்டியிருக்கும், ஒன்று பூட்டியது போல் நடிக்கும். மதர்போர்டின் பின்பக்கம் பாருங்கள்: வெள்ளை இதழ்கள் விரிந்து, நடுவே கறுப்பு ஊசி இறங்கியிருக்க வேண்டும், நான்கிலும்.

## மெல்ல மெல்ல ஏறி, பத்து நிமிடத்தில் எல்லைக்கு வருகிறது

முதல் நிமிடம் 70. ஐந்தாவது நிமிடம் 80. பன்னிரண்டில் 92. இங்கே பேஸ்டைத் தொடவே வேண்டாம்.

முதலில் கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே சோதனையை ஓட்டுங்கள். சூடு ஒன்றிரண்டு டிகிரி இறங்கினால் கேபினட்மேல் குற்றமில்லை. ஏழெட்டு டிகிரி இறங்கினால் கூலர் தான் வெளியே விட்ட வெந்த காற்றையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. முன்பக்க வடிகட்டியில் தூசி, கண்ணாடி முகப்பில் காற்று நுழைய இடமின்மை, எல்லா ஃபேனும் ஒரே திசையில் உள்ளே ஊதுவது என இவற்றில் ஏதோ ஒன்று இருக்கும். ஃபேன் எந்தப் பக்கம் ஊதுகிறது என்று பார்க்க, மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கத்தைப் பாருங்கள். காற்று வெளியேறும் பக்கம் அதுதான். டவர் கூலரின் ஃபேனும் கேபினட்டின் பின் ஃபேனும் ஒன்றையொன்று எதிர்த்து ஊதிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் முழு வேகத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன, காற்று எங்கும் போகவில்லை.

கேம் ஆடும்போது மட்டும் ஏறுகிறதா? சினிபெஞ்சில் 75, கேமில் 85 என்றால் கிராபிக்ஸ் கார்டின் சூடு நேராக மேலே போய்க் கூலருக்குள் நுழைகிறது. பிராசசர் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முன்னால் கீழே ஒரு ஃபேனை உள்ளே இழுக்கும்படி போடுங்கள்.

மூடிய நீர்க்கூலரில், அதாவது ஏஐஓவில், இந்த மெதுவான ஏற்றம் இயல்பானது. தண்ணீர் சூடாக நேரம் எடுக்கும். 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் முழுச் சூட்டுக்கு வர இருபது நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். ஐந்து நிமிடச் சோதனையை வைத்து அதை மெச்சவும் கூடாது, திட்டவும் கூடாது. லோடை நிறுத்தியபிறகு கவனியுங்கள்: சிப் சட்டென்று விழுந்து, பழைய நிலைக்குப் போகாமல் 50-இல் நின்று, பிறகு மெதுவாகக் குளிர்ந்தால் தண்ணீர்தான் சூடு. ரேடியேட்டர் ஃபேன் வேகத்தைக் கூட்டுங்கள், தூசியை ஊதுங்கள்.

இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். நல்ல ஓட்டம் இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். ஒன்று கொதித்து மற்றது குளிர்ந்து இருந்தால் ஓட்டம் இல்லை: பம்பு நின்றுவிட்டது, அல்லது அடைப்பு. பம்பின் சுற்று பூஜ்யம் காட்டினால் வயரைப் பாருங்கள். பம்பை ஃபேன் போல சூட்டுக்கு ஏற்ப ஓடவிடாமல், பயோஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) எப்போதும் முழு வேகத்தில் வைத்துவிடுவது என் வழக்கம்.

வருடக் கணக்கில் ஓடிய ஏஐஓவில் ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஆவியாகி, அந்த இடத்தில் காற்று சேரும். காற்று எப்போதும் மேலே போகும். பம்பு மிக உயரமான இடமாக இருந்தால் காற்று அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், கொடகொடவென்று சத்தம் வரும், சூடும் ஏறும். ரேடியேட்டரை மேற்கூரையில் மாட்டுவதுதான் நல்லது. முன்பக்கம்தான் இடம் என்றால் ரேடியேட்டரின் தலை பம்பைவிட உயரமாக இருக்கட்டும்.

## சும்மா இருக்கும்போதே 55, 60

பல சமயம் இது நோயே இல்லை. ரைசன் சும்மா இருக்கும்போதும் ஒரு கோரை நொடிக்குள் உச்ச வேகத்துக்குத் தள்ளிவிட்டு இறங்கும், சூடு 42-க்கும் 58-க்கும் இடையே ஊஞ்சலாடும். அந்த நேரத்தில் வோல்டேஜ் 1.4-ஐத் தாண்டிக் காட்டினாலும் அலறாதீர்கள். ஒற்றைக் கோருக்கு, குறைந்த மின்னோட்டத்தில், ஒரு கணம் மட்டும் போகும் வோல்டேஜ் அது. அதே எண்ணை நீங்கள் கையால் எல்லாக் கோருக்கும் பூட்டினால்தான் ஆபத்து. முதல் தலைமுறை 1700எக்ஸ், 1800எக்ஸ் வைத்திருந்தால் சில மென்பொருள்கள் உண்மையைவிட 20 டிகிரி கூட்டிக் காட்டும். ஃபேன் கட்டுப்பாட்டுக்காக ஏஎம்டியே வேண்டுமென்று சேர்த்த கணக்கு அது.

ஊஞ்சல் இல்லாமல் 60-இலேயே குத்தி நின்றால் பேக்கேஜ் பவரைப் பாருங்கள். 60 வாட் இழுத்தால் பின்னணியில் ஏதோ ஓடுகிறது. 15 வாட்டில் 60 என்றால் பம்போ ஃபேனோ நின்றிருக்கிறது, அல்லது 'லோடு கொடுத்த கையோடு' என்ற பகுதிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

## சூடு குறைவு, ஆனாலும் வேகம் இறங்குகிறது

72 டிகிரிதான் இருக்கிறது, 30 நொடி அல்லது ஒரு நிமிடம் கழித்து க்ளாக் பொத்தென்று விழுகிறது. இன்டெலில் இது பவர் வரம்பு. கொஞ்ச நேரத்துக்கு ஒரு வாட், அதற்குப்பின் நீண்ட நேரத்துக்குக் குறைந்த வாட் என்று இரண்டு வரம்புகள் உண்டு. கோர் ஐ9-13900கே-யில் அடிப்படை 125, உச்சம் 253. உங்கள் போர்டு எந்த எண்ணை வைத்திருக்கிறது என்பது பயோஸில் தெரியும். நேர் எதிராக, வரம்பே இல்லாமல் திறந்துவிட்ட போர்டுகளும் உண்டு. "இதே சிப் நண்பனிடம் 75, என்னிடம் 98" என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

பவர் வரம்பும் இல்லையென்றால் விஆர்எம் சூட்டைப் பாருங்கள். சாக்கெட்டைச் சுற்றி நின்று பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் அந்த மின்சுற்று 100 டிகிரியைத் தாண்டினால் போர்டே பிராசசரின் காதைத் திருகும். டவர் கூலரிலிருந்து ஏஐஓவுக்கு மாறியபின் இது தொடங்கியிருந்தால் ஆச்சரியமில்லை. முன்பு டவரின் ஃபேன் போகிறபோக்கில் அந்த இடத்தையும் குளிர்வித்துக்கொண்டிருந்தது.

## ஃபேன் சத்தமும் 'சிபியூ ஃபேன் எரர்' செய்தியும்

ஃபேன் ஏறி இறங்கி மூச்சுவாங்கினால் கூலர் நன்றாகத்தான் இருக்கிறது, பயோஸில் உள்ள ஃபேன் வளைவுதான் (எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்ற கணக்கு) பதற்றப்படுகிறது. வேகம் கூட, குறைய மூன்று நான்கு நொடி தாமதம் கொடுங்கள். 60 டிகிரி வரை தட்டையாக விடுங்கள். டிக் டிக் என்ற சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஃபேன் இதழில் உரசும் ஏதோ ஒரு வயர்.

எரர் செய்தி வருவது, சிபியூ ஃபேன் என்று எழுதிய முனையில் சுற்று எண்ணிக்கை வராதபோது. ஏஐஓக்காரர்கள் பம்பையும் ஃபேனையும் வேறு முனைகளில் செருகிவிட்டு இதைக் காலியாக விட்டிருப்பார்கள். ரேடியேட்டர் ஃபேன் வயரை இங்கே கொண்டுவாருங்கள். செருகியும் வந்தால், மெதுவாகச் சுற்றும் ஃபேன் போர்டின் குறைந்தபட்சச் சுற்று வரம்புக்குக் கீழே இருக்கிறது. வரம்பை 200 சுற்றுக்கு இறக்குங்கள். எச்சரிக்கையை முழுதாக அணைத்துவிட வேண்டாம். உண்மையிலேயே ஃபேன் நின்றுபோகும் நாளில் முதலில் கத்தப்போவது அதுதான்.

## ஓவர்க்ளாக் செய்தபின் வருபவை

ஓவர்க்ளாக் என்றால் சிப்பை அதற்கு நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. முதலில் கணக்கு. சிப் உமிழும் சூடு வேகத்துக்கு நேர்விகிதம், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். 4.5 கிகாஹெர்ட்ஸை 1.20 வோல்டில் ஓட்டியவர், 5.0 கிகாஹெர்ட்ஸுக்காக 1.35 வோல்ட் கொடுத்தால் வேகம் 11 சதவீதம் கூடும், சூடு 40 சதவீதம் கூடும். 150 வாட் 210 ஆகிவிடும். நேற்றுவரை போதுமாக இருந்த கூலர் இன்று கெட்டுப்போகவில்லை, நீங்கள்தான் அதன் தலையில் இன்னொரு 60 வாட்டை வைத்தீர்கள்.

அதனால் ஓவர்க்ளாக் கோளாறுகளைச் சோதிக்கும்போது சூட்டையும் நிலைப்புத்தன்மையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. 98 டிகிரியில் ஹாங் ஆனால் வோல்டேஜைக் கூட்டாதீர்கள், அது எரிகிற தீயில் எண்ணெய். முதலில் சூட்டை 85-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டு அதே அமைப்பைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள்.

திரையே வரவில்லை. ஏஎம்5-இல் எக்ஸ்போவை (மெமரியை வேகமாக ஓட்டும் அமைப்பு) இயக்கிய பிறகு என்றால் பொறுமை. டிடிஆர்5 மெமரியைப் பழக்கிக்கொள்ள சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு உட்கார்ந்திருக்கும். இரண்டாவது நிமிடத்தில் பதறிப்போய்ப் பட்டனை அழுத்துபவர்கள் அந்த வேலையை முதலிலிருந்து தொடங்க வைக்கிறார்கள். பதினைந்து நிமிடம் கழித்தும் வராவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து சிமாஸை (பயோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவு) அழியுங்கள். அதற்கான இரண்டு ஊசிகளைத் திருப்புளியால் சில நொடி இணைக்கலாம், அல்லது சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விடலாம்.

லோடில் நீலத் திரை அல்லது ரீஸ்டார்ட். கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட் என்றோ, வீயா அன்கரெக்டபிள் எரர் என்றோ வந்தால் கோர் வோல்டேஜ் பற்றவில்லை என்பதே முதல் சந்தேகம். மெமரி மேனேஜ்மென்ட் என்று வந்தால் எக்ஸ்எம்பியை (எக்ஸ்போ போன்ற இன்டெலின் மெமரி அமைப்பு) அணைத்துவிட்டுப் பாருங்கள். பெட்டியில் அச்சிட்ட வேகமானாலும் எக்ஸ்எம்பியும் எக்ஸ்போவும் ஓவர்க்ளாக்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வோல்டேஜைக் கூட்டுவதற்கு முன் லோடு நேரத்தில் அது எவ்வளவு சரிகிறது என்று பாருங்கள். பயோஸில் 1.30 வைத்தது லோடில் 1.19 ஆகிறது என்றால் லோடு-லைன் (அந்தச் சரிவை ஈடுகட்டும் பயோஸ் அமைப்பு) அளவை நடுத்தரத்துக்கு மாற்றினால் போதும். உச்ச அளவுக்குப் போனால் லோடு விடும் கணத்தில் வோல்டேஜ் மேலே துள்ளும். அதைச் சாதாரண சென்சார் காட்டாது.

லோடில் கல்லாக நிற்கிறது, சும்மா இருக்கும்போது செத்துப்போகிறது. ஆளைக் குழப்புவதில் இதுதான் கைதேர்ந்தது. பிரைம்95 எட்டு மணி நேரம் ஓடியிருக்கும். மறுநாள் காலை உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்ததும் ரீஸ்டார்ட். ரைசனில் கர்வ் ஆப்டிமைசரை (கோர்களின் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) எதிர்மறையில் அளவுக்கு மீறி வைத்தவர்களுக்கு இப்படித்தான் நடக்கும். அந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட். எல்லாக் கோரும் வேலை செய்யும்போது க்ளாக் தாழ்ந்திருக்கும், குறைத்த வோல்டேஜே போதும். ஒரே கோர் தனியாக உச்சத்துக்குத் துள்ளும்போதுதான் பற்றாக்குறை வெளியே வரும். முழு லோடுச் சோதனை அந்த இடத்தைத் தொடுவதே இல்லை. கோர்சைக்ளர் மாதிரி ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் கருவியை இரவு முழுக்க ஓடவிடுங்கள். விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்து காட்டும் ஈவென்ட் வியூவரில் வீயா-லாகர் என்ற பெயரில் 18 எண் பதிவு இருந்தால், அதில் உள்ள ஏபிஐசி அடையாள எண் எந்தக் கோர் என்று காட்டிக்கொடுக்கும். அந்தக் கோருக்கு மட்டும் நான்கைந்து படி திருப்பிக் கொடுங்கள். இருப்பதிலேயே நல்ல கோர்கள்தான் முதலில் மண்டியிடும், ஏனென்றால் அவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே வோல்டேஜ் ஒட்டி அளக்கப்பட்டிருக்கும்.

க்ளாக் கூடியது, மதிப்பெண் குறைந்தது. எஃபெக்டிவ் க்ளாக்கைப் பாருங்கள். மேலே 5.2 என்று காட்டி, உண்மையில் 4.8-இல் ஓடினால் வோல்டேஜ் பற்றாமல் சிப் தன் துடிப்பை நீட்டிக்கொள்கிறது. இன்னொரு காரணம், ரைசனில் எல்லாக் கோரையும் ஒரே வேகத்தில் பூட்டியது. ரைசன் 7 5800எக்ஸ் தானாகவே ஒற்றைக் கோரில் 4.7 வரை போகும். அதை 4.5-இல் பூட்டிவிட்டால் வீடியோ மாற்றும் வேலை வேகமாகும், கேம் மந்தமாகும்.

எதையும் தொடவில்லை, ஆனாலும் நிலையில்லை. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய சிப்களில் இது வந்தால் உங்கள்மேல் சந்தேகப்பட வேண்டாம். அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டு வாங்கி, நாளடைவில் சிப்பே தேய்வதை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோடு (சிப்பின் உள் நிரல்) திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. பயோஸைப் புதுப்பித்தால் இனிமேல் தேய்வது தடுக்கப்படும், ஏற்கெனவே தேய்ந்தது திரும்பாது. உத்தரவாதத்தில் சிப்பை மாற்றித் தரக் கேளுங்கள். ரைசன் 7000எக்ஸ்3டி வைத்திருப்பவர்களும் பழைய பயோஸில் இருக்கக்கூடாது. 2023-இல் சில சிப்கள் எரிந்தபிறகு, எஸ்ஓசி வோல்டேஜுக்கு (சிப்பில் கோர்கள் அல்லாத பகுதிக்குப் போகும் வோல்டேஜ்) 1.3 என்ற உச்சவரம்பு புது பயோஸில்தான் வந்தது.

## சரி, கூலரை மாற்றத்தான் வேண்டுமா

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்து, பக்கக் கதவைத் திறந்தும் சூடு இறங்காமல், வாட் நியாயமாக இருந்து, இன்னும் எல்லையில் நின்றால் கூலர் சிறிது. அதற்கு முன் ஒரு இலவச வழி: பவர் வரம்பைக் குறையுங்கள். 7950எக்ஸை 105 வாட் ஈகோ (மின்சாரத்தைக் குறைக்கும்) முறைக்கு மாற்றினால் சாக்கெட் வரம்பு 230-லிருந்து 142-க்கு இறங்கும். சூடு தலைகுப்புற விழும், வேகம் அவ்வளவு விழாது. கடைசிச் சில சதவீத வேகத்துக்குத்தான் சிப் அவ்வளவு மின்சாரத்தைக் குடிக்கிறது.

வாங்குவதென்றே முடிவு செய்தால், பெட்டியில் போட்டிருக்கும் "250 வாட் தாங்கும்" என்ற எண்ணை விட்டுவிடுங்கள், அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. உங்கள் சிப் உண்மையில் இழுக்கும் வாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 90 வாட் வரை நான்கு வெப்பக்குழாய் உள்ள ஒற்றை 120 மில்லிமீட்டர் டவரே தாராளம். 90-க்கும் 180-க்கும் நடுவே ஆறு குழாய் இரட்டை டவர். 200-ஐத் தாண்டி நீண்ட நேரம் ஓடும் வேலை என்றால்தான் 360 ஏஐஓவைப் பற்றி யோசிப்பேன். 240 ஏஐஓவுக்கும் நல்ல இரட்டை டவருக்கும் இடையே தேர்வு வந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு டவர் பக்கம். அதில் கெட்டுப்போகக்கூடியது ஃபேன் மட்டும்தான், அதையும் மாற்றிக்கொள்ளலாம்.

பிறகு டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். நாக்டுவா என்எச்-டி15 மாதிரியான பெரிய டவர் 165 மில்லிமீட்டர் உயரம், கேபினட்டின் குறிப்பில் அதைவிடக் கூடுதல் எண் இருக்க வேண்டும். ராம் மேல் உயரமான அலங்காரத் தகடு இருந்தால் முன் ஃபேனை மேலே ஏற்றி மாட்ட வேண்டிவரும், எத்தனை மில்லிமீட்டர் ஏற்றுகிறீர்களோ அத்தனை மில்லிமீட்டர் கதவை நோக்கிப் போகும். ஏஎம்5-இல் கூலர்கள் போர்டோடு வந்த பின்தகட்டையேதான் பயன்படுத்த வேண்டும், அதனால் தன் சொந்தப் பின்தகட்டைக் கேட்கும் பழைய ஏஎம்4 கூலர் அதில் ஏறாது.

மாட்டிய அன்றே, அறை வெப்பநிலையோடு சேர்த்து, பத்து நிமிட சினிபெஞ்சில் எத்தனை வாட், எத்தனை டிகிரி, எத்தனை சுற்று என்று ஒரு சீட்டில் எழுதி கேபினட் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஒரு வருடம் கழித்து "முன்னைவிடச் சூடாகிற மாதிரி இருக்கிறதே" என்று தோன்றும்போது, கதவைத் திறந்தால் பதில் அங்கேயே இருக்கும்.